கோல் விழுந்தது, ஓட்டு விழவில்லை!
குற்றாலத்தில் சாரல் சீசன் வந்துவிட்டால் அருவிக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. "வந்த கூட்டமெல்லாம் வியாபாரம் ஆகுமா?" என்று அங்கே கடை போட்டவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். கூட்டம் வேற, கல்லா வேற!

இந்தப் பாடத்தைத் தேர்தலில் படித்தவர், இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியா.

1976-ல் சிக்கிமில் பிறந்தவர். 16 வயதில் கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். 1999-ல் இங்கிலாந்தின் பெரி கிளப்புக்கு ஆடப் போனார். 2008-ல் பத்மஸ்ரீ.

6 முறை தோல்வி

2014-ல் திரிணாமுல் காங்கிரஸ் சார்பில் டார்ஜிலிங் தொகுதியில் நின்றார். மலைமக்கள் கேட்டது கூர்க்காலாந்து தனி மாநிலம். அவருடைய கட்சியோ அதை எதிர்த்தது. ஆட்டத்துக்குக் கை தட்டிய ஜனங்கள், ஓட்டை பா.ஜ.க.வுக்குப் போட்டார்கள்.

2016-ல் சிலிகுரியிலும் தோல்வி. 2018-ல் 'ஹம்ரோ சிக்கிம்' என்று சொந்தக் கட்சி தொடங்கினார். 2019-ல் இடைத்தேர்தல் உள்பட 3 முறை நின்றார். மூன்றும் போச்சு!

2022-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவர் தேர்தலிலும் விடவில்லை விதி. முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே 33 ஓட்டு. பூட்டியாவுக்கு ஒன்றே ஒன்று.

2024-ல் வேறு கட்சியில் சேர்ந்து, சிக்கிமின் பர்புங் தொகுதியில் நின்று தோற்றார். அந்த ஜூனிலேயே, 'தேர்தல் அரசியல் எனக்குச் சரிப்படாது' என்று கும்பிடு போட்டுவிட்டார்.

அவர் மட்டும் எப்படி?

பந்தாட்டக்காரருக்கு அரசியலே ஆகாதா? அப்படியும் சொல்ல முடியாது. இன்னொரு முன்னாள் கேப்டன் பிரசூன் பானர்ஜி, அதே திரிணாமுல் கட்சியில், ஹவுரா தொகுதியில் 2013, 2014, 2019, 2024 என நான்கு தடவை ஜெயித்தார்.

பெயர் இருந்தால் கூட்டம் வரும். ஓட்டு விழ வேண்டுமானால், ஊர் கேட்பதைக் கட்சியும் கேட்க வேண்டும்.