பந்தயத் திடலில் டயருக்குக் காற்று: கையில் எடுத்துச் செல்லும் சாதனங்கள்

மோட்டார் வண்டியின் பாரம் முழுவதையும் தரையில் ஊன்றி நிற்கச் செய்வது எஃகோ ரப்பரோ அன்று. டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றேயாகும். 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறு காரின் ஒவ்வொரு சக்கரத்தின்மீதும் சுமார் 250 கிலோ பாரம் விழுகிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருக்குமாயின், அது தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டையின் அளவுதான். வண்டி திரும்புவதும், வேகம் கொள்வதும், நிற்பதும் இந்த நான்கு அஞ்சலட்டைகளின் தயவால் நிகழ்கின்றன. காற்று குறைந்தால் பரப்பு விரிகிறது; மிகுந்தால் சுருங்குகிறது. பந்தயம் ஓட்டுவோர் ஒன்றிரண்டு பவுண்டுக்காக மெனக்கெடுவதன் காரணம் இதுவே.

மைசூரு நகரில், லலித மகால் மாளிகைக்கு அருகேயுள்ள ஹெலிகாப்டர் இறங்கு திடலில், தசரா விழாவையொட்டி மண்தரைக் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றிருக்கின்றன. சென்னையை அடுத்த சோழவரத்து விமானத் திடலில் முற்காலத்தில் நடந்த பந்தயங்களையும், 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தையும் தமிழ் வாசகர்கள் நன்கறிவர். தடம் என ஒன்று நிரந்தரமாக அமைந்த இடத்தில் காற்றடிக்கும் வசதியும் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கென்று கயிறு கட்டிக் கூம்புகள் நட்டு அமைக்கப்படும் திடலில் மின்சாரமும் இராது, பெட்ரோல் பங்கும் இராது. மைசூரு டயர்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்தான்; விக்ராந்த் நிறுவனத்தின் தொழிற்சாலை 1997-இல் ஜே.கே. டயர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. எனினும் ஊரில் டயர் உற்பத்தியாவதால் திடலில் நிற்கும் வண்டிக்குக் காற்று கிடைத்துவிடாது. அதைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். காடுகளிலும் கிராமச் சாலைகளிலும் ஜீப்பில் செல்லும் களப் பணியாளருக்கும் இதே பிரச்சினை உண்டாகையால், பந்தயத்தில் நாட்டமில்லாதோரும் இதனைப் படிக்கலாம்.

சாதனங்களைப் பற்றிப் பேசுமுன், காற்றின் குணத்தைச் சற்றே நோக்குவோம். அமுக்கமானி காட்டுவது டயருக்குள் இருக்கும் முழு அமுக்கத்தை அன்று. வெளிக் காற்றின் அமுக்கத்துக்கு மேற்பட்டு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதையே. கடல் மட்டத்தில் வெளிக் காற்று சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்துகிறது. மைசூரு ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது சுமார் 13.4 பவுண்டுதான். ஆகவே சென்னையில் 30 பவுண்டு அடித்துக்கொண்டு மைசூரு வந்து சேர்ந்த வண்டியில், உஷ்ணநிலை மாறாதிருப்பின், ஒரு துளிக் காற்றும் சேர்க்காமலே மானி 31 பவுண்டுக்கு மேல் காட்டும். மானி பழுது என்று அதனைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை.

உஷ்ணத்தின் விளைவு இதனினும் பெரிது. அக்டோபர் மாதக் காலையில், 20 டிகிரி சென்டிகிரேடில், டயரில் 28 பவுண்டு வைத்ததாகக் கொள்வோம். வெளிக் காற்றின் 13.4-ஐயும் கூட்டினால் முழு அமுக்கம் 41.4 ஆகிறது. சில சுற்றுகள் கடுமையாக ஓடியபின் உள்ளிருக்கும் காற்று 55 டிகிரியை எட்டினால், முழு உஷ்ணநிலை 293-லிருந்து 328 ஆக உயர்கிறது. முழு அமுக்கமும் அதே விகிதத்தில் ஏறி 46.3-ஐத் தாண்டுகிறது. மானி காட்டுவதோ 33. ஐந்து பவுண்டு வித்தியாசம்! ஆசிரியர்கள் வாயு விதிகளை விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் தேட வேண்டியதில்லை. மானியின் எண்ணை நேராக உஷ்ணநிலையால் பெருக்கிவிட்டு விடை பொருந்தவில்லையே என்று திகைக்கும் மாணவனுக்கு, வெளிக் காற்றைக் கூட்ட மறந்ததைச் சுட்டிக் காட்டவும் இது உதவும்.

ஓட்டுநர் என்ன செய்கிறார்? டயர் சூடேறி 33-ஐக் காட்டியதும், பிடிப்புக் குறைகிறதென்று காற்றை இறக்கி மீண்டும் 28-க்குக் கொண்டு வருகிறார். ஒரே காரை இருவர் மாறி மாறி ஓட்டும்போது டயர் ஆறவே வழியில்லை; அப்போது இவ்வாறு இறக்குவது முறையும்கூட. ஆபத்து மாலையில்தான். வண்டி ஆறி 20 டிகிரிக்குத் திரும்புகையில் மானி காட்டுவது 28 அன்று, 23.6. வந்த காரிலேயே வீடு திரும்புவதுதான் பொழுதுபோக்குப் பந்தயக்காரரின் வழக்கம். பெங்களூருவுக்குச் செல்லும் விரைவுச் சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டதிலிருந்து அவ்வழியில் இடைவிடாத வேகம் சாத்தியமாயிற்று. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து நிமிர்ந்து, உட்புறத்தில் சூடேறி, இழைகள் பிரிந்து, இறுதியில் வெடிக்கிறது. பந்தயத்தில் உருளாத கார் வீட்டுக்குப் போகும் வழியில் உருளலாம். காற்றை இறக்க ஒரு குச்சி போதும். ஏற்றுவதற்கே சாதனம் வேண்டும். அதை வாங்குவது வெற்றிக்காக மட்டுமன்று என்பதை இளைஞர்கள் உணர வேண்டும்.

இனி, எவ்வளவு காற்று தேவை எனக் கணக்கிடுவோம். சிறு காரின் டயர் ஒன்றின் உட்கொள்ளளவு சுமார் 30 லிட்டர். அதில் 5 பவுண்டு ஏற்ற, மைசூருவின் வெளிக் காற்றில் சுமார் 11 லிட்டர் வேண்டும். நான்கு டயருக்கும் 45 லிட்டர். முற்றிலும் காலியான ஒரு டயரை 30 பவுண்டுக்கு நிரப்ப 67 லிட்டர் ஆகும். கடைக்காரர் எந்தச் சாதனத்தைப் புகழ்ந்தாலும் இந்த மூன்று எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

கால் பம்பு எளியது, பழுதாவதும் அரிது. இரட்டை உருளை கொண்டதாயின் ஐந்து பவுண்டு ஏற்றுவது பெரும் பாடன்று. ஆயினும் இரு சுற்றுகளுக்கிடையே கிடைக்கும் சில நிமிடங்களில் நான்கு சக்கரத்துக்கும் மிதித்துவிட்டு, மூச்சிரைக்க மீண்டும் ஓட்டும் இருக்கையில் அமர்வது உசிதமன்று.

காரின் 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறு கம்ப்ரஸர் இன்று எங்கும் கிடைக்கிறது. அதன் பெட்டியின்மீது அச்சிட்டுள்ள லிட்டர்க் கணக்கு, எதிரமுக்கம் எதுவுமின்றி ஓடும்போது கிடைப்பது. டயரில் 25 பவுண்டு ஏறியபின் பாய்வு வெகுவாகக் குறைகிறது. மேலும் மைசூருவின் காற்று கடற்கரைக் காற்றைவிட ஏறக்குறைய ஒன்பது சதவீதம் அடர்த்தி குறைந்தது. ஆகவே சென்னையில் பத்து நிமிஷத்தில் முடியும் வேலைக்கு இங்கே பதினொன்று ஆகும். இத்தகைய பம்பு 10 முதல் 15 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கக்கூடும். சிகரெட் பற்றவைக்கும் துளையின் பியூஸ் அதைத் தாங்குமா என முன்னதாகவே பார்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டே இயக்குவது நல்லது. கால் மணி நேரம் ஓடினால் ஓய்வு கொடுக்க வேண்டும் என்னும் குறிப்பை எவரும் படிப்பதில்லை. தன்னுள்ளேயே மின்கலம் கொண்டு, குறித்த அமுக்கம் வந்ததும் தானே நிற்கும் கைப் பம்புகளும் வந்துள்ளன. வசதியானவையே, ஆனால் வெயிலில் காருக்குள் போட்டு வைக்கத் தக்கவை அல்ல.

நமது அபிப்பிராயத்தில், பலர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் சிறு குழுவுக்கு ஏற்றது காற்றுத் தொட்டியே. 20 லிட்டர் தொட்டியைக் காலையில் டயர்க் கடையில் 120 பவுண்டுக்கு நிரப்பிக்கொண்டால், அது 40 பவுண்டுக்கு இறங்கும் வரை சுமார் 120 லிட்டர் காற்றுத் தரும். ஒரு காரின் நான்கு டயருக்கும் ஐந்து பவுண்டு வீதம் இரண்டரை முறை ஏற்றலாம். சத்தமில்லை, மின்சாரமில்லை, நொடிகளில் வேலை முடியும். காலியான டயர் என்றால் மட்டும் ஒன்றரை டயருக்கே காணும். அதற்குத் துணையாகக் கால் பம்பு இருக்கட்டும்.

கரியமில வாயு உருளை இன்னும் கச்சிதமானது. ஒரு கிலோ திரவம் மைசூருவில் சுமார் 600 லிட்டர் வாயுவாக விரியும். ஆனால் அறை உஷ்ணத்திலேயே உருளைக்குள் அறுபது மடங்குக்கு மேற்பட்ட வாயுமண்டல அமுக்கம் இருப்பதால், அமுக்கச் சீராக்கி இல்லாமல் அதனைத் தொடலாகாது. உருளையை நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் திரவமே குழாயில் பாயும். குளிர்ந்து உட்புகும் வாயு பின்னர் சூடேறி மானியை உயர்த்தும். ரப்பரின் வழியே இது காற்றைவிட விரைவாகக் கசியுமாதலால், சில நாட்களில் டயரை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

நைட்ரஜன் உஷ்ணத்தால் விரியாது என்று சிலர் கூறுவது தவறு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். உலர்ந்த காற்றும் நைட்ரஜனும் ஒரே விதியின்படியே விரிகின்றன. ஈரமில்லாதிருப்பதே அதன் சிறப்பு.

பிராண வாயு உருளை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், அதைக்கொண்டு ஒருபோதும் டயரை நிரப்பக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கோடு அது சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். சமையல் வாயுவும் அவ்வாறே. பழைய குளிர்பதன வாயு உருளைகளுக்குக் குழாய் பற்றவைத்துக் காற்றுத் தொட்டியாக்கும் பழக்கமும் மிக அபாயகரமானது. முத்திரையும் பாதுகாப்பு வால்வும் இல்லாத தொட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் எனல் நன்று.

பணம் போதாதெனில் பம்பில் சிக்கனம் செய்யலாம், அமுக்கமானியில் செய்யலாகாது. 1849-இல் பிரான்ஸ் தேசத்து யூஜீன் பூர்டன் கண்ட வளைந்த குழாயே இன்றும் நல்ல மானிகளின் உள்ளுறுப்பு. 150 பவுண்டு வரை காட்டும் மானியில் இரண்டு சதவீதப் பிழை மூன்று பவுண்டாகும்; 60 வரை காட்டுவதில் அது 1.2 பவுண்டுதான். ஆகவே 60-ஐயே வாங்குக. காலையிலும் மாலையிலும் அதே மானியைக் கொண்டு அளக்க வேண்டும். நண்பருடைய மானி வேறொன்று சொல்லும்.

சரியான அமுக்கம் எதுவென அறிய ஓட்டுநர்கள் கையாளும் ஓர் எளிய உபாயம் உண்டு. தார்த் தரையில் ஓடுமுன் டயரின் தோளில், தரை தொடும் பகுதியிலிருந்து பக்கச் சுவர் வரை, சாக்குக்கட்டியால் கோடு இழுக்கிறார்கள். சுற்று முடிந்ததும் கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்றுப் போதாது. தோளையே எட்டாதிருந்தால் மிகுதி. மண்தரையில் இது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அங்கே காற்றை மிகக் குறைத்தால், திருப்பத்தில் டயர் வளையத்தைவிட்டுக் கழன்றுவிடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மழைக்கால ஈரக் காற்றை அமுக்கும்போது தொட்டியின் அடியில் நீர் சேர்ந்து, உட்சுவரைத் துருவேற்றுகிறது. பந்தயம் முடிந்து, கார் ஆறியபின் நான்கு டயரையும் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு ஏற்றி, வால்வு மூடிகளைத் திருகிவிட்டு, தொட்டியில் எஞ்சிய காற்றோடு அந்நீரையும் அடித்திருகின் வழியே வெளியேற்றிவிட்டுப் புறப்பட வேண்டும்.