ஸார்ட் செய்யும் முன் ஒரு நிமிடம்!

எக்ஸெல் தொகுப்பில் 40 மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறீர்கள். ஒரு நெட்டு வரிசையில் பெயர், அடுத்ததில் மதிப்பெண். அதிக மதிப்பெண் மேலே வர வேண்டும் என்று, மதிப்பெண் உள்ள நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து ஸார்ட் செய்கிறீர்கள். எண்கள் அழகாக வரிசையாகின்றன. ஆனால் பெயர்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. 35 வாங்கியவருக்கு 98 கிடைத்துவிடுகிறது. 98 வாங்கியவர் பெயிலாகிவிடுகிறார்! பட்டியலைப் பார்த்தால் எந்தத் தவறும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

ஸார்ட் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதல் பொருள் "வகை வாரியாகப் பிரி" என்பதுதான். தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரிப்பதும் ஸார்ட்டிங் தான். கம்ப்யூட்டரில் இது "வரிசைப்படுத்து" என்ற பொருளில் வழங்குகிறது. டொனால்ட் நூத், 1973ல் வெளியான தன் நூலில், இதனை "ஆர்டரிங்" என அழைப்பது ஒருவேளை பொருத்தமாக இருக்கலாம் என்று குறிப்பிட்டுள்ளார்.

பிரிப்பது எப்படி வரிசைப்படுத்துவதாக மாறியது? கம்ப்யூட்டருக்கு முன் தகவல்களைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து வைத்தனர். ஸார்ட்டர் என்ற இயந்திரம், துளை இருக்கும் இடத்தைப் பார்த்து அட்டைகளைத் தனித்தனி அறைகளில் போடும். மூன்று இலக்க எண் என்றால், முதலில் ஒன்றாம் இலக்கப்படி பிரித்து, அறை வரிசை மாறாமல் அடுக்கி, பின் பத்தாம் இலக்கம், நூறாம் இலக்கம் என மூன்று முறை செலுத்துவார்கள். இறுதியில் அட்டைகள் முழுதும் வரிசையாகிவிடும். ஒருவரின் தகவல் முழுவதும் ஒரே அட்டையில் இருந்ததால் பெயரும் எண்ணும் பிரியவில்லை. எக்ஸெல் தொகுப்பில் அந்த அட்டையின் இடத்தில் இருப்பது படுக்கை வரிசை. அது சிதறாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

எங்கே தவறுகிறோம்?

ஒரு நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்தால் எக்ஸெல் எச்சரிக்கை தரும். அதில் "எக்ஸ்பேண்ட் த செலக்‌ஷன்" என்பதையே தேர்ந்தெடுக்கவும். "கன்டினியூ வித் த கரன்ட் செலக்‌ஷன்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன விபத்துதான். பட்டியலின் நடுவே ஒரு நெட்டு வரிசை காலியாக இருந்தால் இந்த எச்சரிக்கையை நம்ப முடியாது. காலி இடத்திற்கு அப்பால் உள்ளதை எக்ஸெல் வேறு பட்டியலாகவே கருதும்.

இன்னொரு சிக்கல்: எண்கள் டெக்ஸ்ட்டாகப் பதிவாகியிருந்தால் 1, 10, 2 என்ற வரிசை கிடைக்கலாம். அவற்றை முதலில் எண்களாக மாற்ற வேண்டும்.

பாதுகாப்பான வழி

1. பட்டியலை ஒட்டி ஒரு நெட்டு வரிசையில் 1, 2, 3 என வரிசை எண் கொடுக்கவும். பார்முலாவாக அல்ல, எண்களாகவே இருக்கட்டும். பழைய வரிசை தேவைப்பட்டால் இந்த எண்படி மீண்டும் ஸார்ட் செய்தால் போதும்.

2. பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் உள்ள ஸார்ட் பட்டனைக் கிளிக் செய்திடவும். தலைப்பு வரிசை இருந்தால் "மை டேட்டா ஹேஸ் ஹெடர்ஸ்" எதிரே டிக் இருக்கிறதா எனப் பார்க்கவும். இல்லையேல் தலைப்பும் பெயர்களோடு கலந்துவிடும்.

3. பல வகுப்புகள் இருந்தால் முதலில் வகுப்பைக் கொடுத்து, "ஆட் லெவல்" மூலம் அடுத்து மதிப்பெண்ணைக் கொடுக்கவும். பிரிப்பதும் வரிசைப்படுத்துவதும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

ஸார்ட் செய்தவுடன் தெரிந்த இரண்டு மூன்று பெயர்களின் மதிப்பெண்ணைச் சரி பாருங்கள். தவறு என்றால் உடனே கண்ட்ரோல் + இஸட் அழுத்தலாம். சேவ் செய்து பைலை மூடிவிட்டால் அந்த வழியும் இல்லை!