பாலங்களும் களைப்புறும்

மெல்லிய கம்பி ஒன்றை ஒருமுறை வளைத்து நிமிர்த்தினால் அது முறிவதில்லை. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால், கையின் சிறு வலிமைக்கே முறிந்துவிடுகிறது. ஒருமுறையில் முறிக்கப் போதாத விசையும் பன்முறை தொடர்ந்தால் பொருளை முறித்துவிடும். இதனைப் பொறியியலார் அயர்ச்சி என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், தொடர்வண்டி அச்சுகளை ஆராய்ந்து இவ்வுண்மையை முறைப்படி நிறுவினார்.

பாலத்தின் உறுப்புகளுள் சக்கரங்களின் அழுத்தத்தை நேரடியாக ஏற்பது மேல்தளமே ஆகும். ஜப்பானில் சரக்குந்துப் போக்குவரத்து பெருகிய 1960களில், பாலங்களின் கான்கிரீட் தளங்கள் சில பெயர்ந்து விழுந்தன. ஆய்வுக்கூடத்தில் ஒரே புள்ளியில் எடையை ஏற்றி இறக்கியபோது தளம் நெடிது தாங்கியது. சக்கரத்தை முன்னும் பின்னும் ஓட்டியபோதோ விரைவில் சிதைந்தது. சக்கரம் நகர நகர விசையின் திசை மாறுவதால், விரிசலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. அவ்விரிசலுள் நீர் புகுந்தால் சிதைவு மேலும் விரைவுபடும்.

குளிர்நாடுகளில் மற்றொரு இடரும் உண்டு. சாலையில் உறைந்த பனியை உருக்க உப்பைத் தூவுவர். உப்புநீர் கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். இதற்கு மாற்றாக எழுந்ததே இழை வலுவூட்டிய பலபடி. கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்து இதனை உருவாக்குவர். இது துருப்பிடிப்பதில்லை. இதனாலான உள்ளீடற்ற தளம், கான்கிரீட் தளத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1996ஆம் ஆண்டு இத்தகைய பாலம் ஒன்று வண்டிப் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது.

எஃகில் ஒற்றை விரிசல் வளர்ந்து திடீரென முறிவை உண்டாக்கலாம். பலபடியிலோ பிசினில் எண்ணற்ற நுண்விரிசல்கள் பரவினும் இழைகள் சுமையைத் தாங்கி நிற்கும். தளத்தின் விறைப்பு சிறிது சிறிதாகவே குறையும். ஆகவே தளம் வளையும் அளவு கூடுவதைக் கொண்டே அதன் தளர்ச்சியை முன்கூட்டி உணரலாம். எனினும், பலகைகளை இணைக்கும் பசையும் மேற்பூச்சும் பெயர்வது இதன் குறையாகும்.

ஆய்வுக்கூடங்களில் தளத்தின்மீது 20 இலட்சம் முறை சுமையேற்றிச் சோதிப்பது வழக்கம். நாளொன்றுக்கு 5,000 சரக்குந்துகள் கடக்கும் பாலத்தில், வண்டிக்கு ஒரு சுமையெனக் கொண்டாலும், அவ்வெண்ணிக்கை 400 நாள்களில் நிறைந்துவிடும். எனவே சோதனையில் வென்ற தளத்தையும் தொடர்ந்து கண்காணித்தல் வேண்டும்.

1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவின் ஒகையோ ஆற்றுப் பாலமான வெள்ளிப் பாலம் சரிந்து 46 பேர் மாண்டனர். எஃகு உறுப்பு ஒன்றில் கண்ணுக்குப் புலப்படாமல் வளர்ந்த சிறு விரிசலே அதற்குக் காரணம். அதன்பின்னரே அந்நாட்டில் பாலங்களைக் குறித்த காலத்தில் ஆய்வு செய்தல் சட்டமாயிற்று. பாலத்தைக் கட்டுவது ஒருமுறை செய்யும் பணி. அதனைக் காப்பதோ அது நிற்கும் நாள்வரை தொடரும் கடமை.