முட்டை ஓடு மெலிவது ஏன்? கோழிக்குக் கால்சியத்தை எப்போது, எப்படி அளிக்க வேண்டும்?

புது தில்லி: கோழி இடும் ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உள்ளது. ஆனால், அக்கோழியின் உடல் முழுவதிலும் இருக்கும் கால்சியம் சுமார் 20 கிராம் மட்டுமே. அதாவது, ஒரு முட்டைக்காக உடலிலுள்ள கால்சியத்தில் பத்தில் ஒரு பங்கு செலவாகிறது. இந்த இழப்பைத் தீவனம் ஈடு செய்யாவிட்டால் முட்டை ஓடும், நாளடைவில் கோழியின் எலும்பும் மெலிந்துவிடும்.

நாட்டில் 2023-24ஆம் ஆண்டில் 14,277 கோடி முட்டைகள் உற்பத்தி செய்யப்பட்டதாக மத்திய கால்நடை பராமரிப்புத் துறையின் புள்ளிவிவரம் தெரிவிக்கிறது. மாநிலங்களில் ஆந்திரப் பிரதேசம் முதலிடத்தில் உள்ளது. பெரும் பண்ணைகளில் தீவனத்திலேயே கால்சியம் கணக்கிட்டுச் சேர்க்கப்படுகிறது. புறக்கடையில் சில கோழிகளை மட்டும் வளர்க்கும் குடும்பங்களில்தான் இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

இனம் மாறியது, தீவனம் மாறவில்லை

நாட்டுக்கோழிகள் ஆண்டுக்குப் பெரும்பாலும் 100-க்கும் குறைவான முட்டைகளையே இடும். மேய்ச்சலில் கிடைக்கும் பூச்சி, நத்தை, கீரை ஆகியவற்றைக் கொண்டே அவை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஹைதராபாதில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய 'கிராமப்ரியா' போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள், புறக்கடையிலேயே ஆண்டுக்கு 150-க்கும் அதிகமான முட்டைகளை இடக்கூடியவை. அவ்வளவு முட்டைகளின் ஓடுகளுக்கு மட்டும் சுமார் 300 கிராம் கால்சியம் தேவை. இது கோழியின் உடலில் உள்ளதைப்போல 15 மடங்கு. அரிசிக் குருணை, சோளம், தவிடு ஆகியவற்றில் கால்சியம் மிகக் குறைவு என்பதால் அவற்றைக் கொண்டு மட்டும் இத்தேவையை நிறைவு செய்ய இயலாது.

இரவில் உருவாகும் ஓடு

முட்டை முழுமையடைய 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. இதில் ஓடு உருவாவதற்கு மட்டுமே சுமார் 20 மணி நேரம் தேவைப்படுகிறது. காலையில் முட்டையிடும் கோழியின் உடலில், அடுத்த முட்டைக்கான ஓடு பிற்பகலில் உருவாகத் தொடங்கி இரவு முழுவதும் வளர்கிறது. கால்சியம் மிகுதியாகத் தேவைப்படும் இந்நேரத்தில் கோழி உறங்குவதால் தீவனம் உண்பதில்லை.

குடலில் கால்சியம் இல்லாதபோது, எலும்பினுள் சேமித்த கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்கிறது. இது இயல்பானதே. ஆனால், சேமிப்பு மறுநாள் நிரம்பாமல் தொடர்ந்து குறைந்தால் எலும்பு பலவீனமடையும். கோழி நிற்க இயலாமல் படுத்துவிடும். எலும்பு முறிவும் ஏற்படலாம்.

தூளைவிடக் குருணை மேல்

மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் விரைவில் கரைந்து குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் குருணையோ, கோழியின் அரைவைப்பையில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரையும். எனவே, பிற்பகலிலும் மாலையிலும் குருணை வடிவில் கால்சியம் கிடைக்கச் செய்வது கூடுதல் பயன் தரும்.

முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் பொதுவாக 3.5 முதல் 4.5 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். உண்ணும் கால்சியத்தில் ஏறத்தாழ பாதியே உடலில் சேர்வதால், நாள்தோறும் முட்டையிடும் கோழிக்குச் சுமார் 4 கிராம் தேவை. வீட்டுத் தானியத்தையே உண்ணும் கோழிகளுக்கு, கிளிஞ்சல் குருணையைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். தேவைப்படும் கோழி தேவையான அளவு தானே கொத்திக்கொள்ளும். முட்டை ஓடுகளையும் கழுவி, கொதிக்க வைத்து உலர்த்தி, நொறுக்கித் தரலாம். ஓட்டின் வடிவம் தெரியும்படி போட்டால், கோழி முட்டையையே கொத்தப் பழகிவிடக்கூடும்.

வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் பயன்படும் சுண்ணாம்பை இதற்கு மாற்றாகத் தரக் கூடாது. அது வாயையும் உணவுப் பாதையையும் புண்ணாக்கும்.

எல்லாக் கோழிக்கும் அல்ல

குஞ்சுகளுக்கும் வளரும் கோழிகளுக்கும் சுமார் 1 சதவீதம் கால்சியமே போதுமானது. முட்டைக்கோழித் தீவனத்தை அவற்றுக்குத் தொடர்ந்து அளித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். எல்லா வயதுக் கோழிகளும் ஒன்றாக மேயும் வீடுகளில், கால்சியத்தைத் தீவனத்தில் கலக்காமல் தனியாக வைப்பதே பாதுகாப்பானது.

ஓடு மெலிவதற்குக் கால்சியக் குறைவு மட்டுமே காரணம் அல்ல. குடல் கால்சியத்தை ஈர்க்க வைட்டமின் டி3 தேவை. பாஸ்பரஸும் உரிய அளவில் இருக்க வேண்டும். கோடையில் கோழி மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறுகிறது. இதனால், ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைகிறது. அக்காலத்தில் நிழலும் குளிர்ந்த நீரும் கால்சியத்துக்கு இணையாக அவசியம். வயது முதிர்ந்த கோழிகளின் முட்டையிலும் ஓடு மெலிவது இயல்பு.

கால்சியம் அளித்தும் தோல்முட்டைகள் தொடர்ந்தாலோ, பல கோழிகளில் முட்டை திடீரெனக் குறைந்தாலோ, அது தொற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலையில் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.