டீசல் லாரியை கேஸுக்கு மாற்றும்போது தீப்பொறிக்குத் தனி ஏற்பாடு

வைத்திக்குப்பம் புதுச்சேரி நகரின் வடபகுதியில் உள்ள மீனவர் குடியிருப்பு. மாசி மகத்தன்று மயிலம், தீவனூர், திண்டிவனம் பகுதிகளிலிருந்து தீர்த்தவாரிக்குச் சுவாமிகளைக் கொண்டு வரும் விவசாயிகளுக்கு இக்கடற்கரை நன்கு தெரிந்த இடம். இக்கரையோரப் படகுகளில் பொதுவாக இருவகை எஞ்சின்கள் உண்டு. ஒன்று டீசல் எஞ்சின். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. மற்றொன்று படகின் பின்புறம் மாட்டும் பெட்ரோல்-மண்ணெண்ணெய் மோட்டார். இதன் பிளைவீலில் காந்தம் பதித்திருக்கும். காந்தம் சுழலும்போது உள்ளிருக்கும் காயிலில் மின்சாரம் உண்டாகி, சிறிய பெட்டி ஒன்றில் சேர்ந்து, உரிய நேரத்தில் பிளக்கில் பொறியாக விழுகிறது. கயிற்றைச் சுண்டினால் போதும், பாட்டரிகூட வேண்டாம்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், டீசல் லாரியை கேஸில் ஓட்டுவதில் உள்ள முக்கியச் சிக்கல் விளங்கிவிடும். டீசல் எஞ்சினில் காற்று 16, 17 மடங்கு அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. டீசல் பற்ற 250 டிகிரி சென்டிகிரேடுக்கு உட்பட்ட சூடே போதும். புரொபேன் வாயுவுக்கோ 450 டிகிரிக்கு மேல் வேண்டும். அதை அழுத்தி மட்டும் உரிய நேரத்தில் பற்றவைப்பது நடவாத காரியம். வெளியிலிருந்து பொறி தரவேண்டும். டீசல் எஞ்சினில் அதற்கு இடமே இல்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து தந்தது. பேருந்துகளும் கரியில் ஓடின. அன்றைய பேருந்துகள் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகளாதலால் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஏற்கெனவே இருந்தன. எரிபொருளை மாற்றினால் வேலை முடிந்தது. இன்றைய டீசல் லாரிக்கு அந்த வசதி இல்லை. அசோக் லேலண்ட் 1997-இல் மும்பை நகரப் போக்குவரத்துக்கு இயற்கை வாயுப் பேருந்தைத் தந்தது. அத்தகைய எஞ்சின்களில் அழுத்த விகிதத்தைக் குறைத்து, இன்ஜெக்டர் இருந்த இடத்தில் பிளக்கை அமைத்து, புதிதாக இக்னிஷன் ஏற்பாடு செய்கிறார்கள். நம் நாட்டு லாரிகளில் இயற்கை வாயுவே அதிகம். எல்.பி.ஜி. எனப்படும் புரொபேன்-பியூட்டேன் கலவை ஆட்டோக்களிலும் கார்களிலும் மிகுதி. பொறி தரும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து விவசாயிகள் நாலைந்து பேர் கூடி, காய்கறி ஏற்றப் பழைய மினி லாரி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். "கேஸ் போட்டால் செலவு பாதி" என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் எங்கும் உண்டு. அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அழுத்த விகிதத்தை எவ்வளவுக்குக் குறைக்கிறார்கள் என்பதே. புரொபேனுக்கு 10 முதல் 12 வரை இருப்பது பொருத்தம். பிஸ்டனின் தலையைக் குடைந்தோ, வேறு பிஸ்டன் போட்டோதான் இதைச் செய்யமுடியும். 17-இல் அப்படியே விட்டுப் பிளக்கை மட்டும் மாட்டினால் எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் சுமை ஏறியதும் உள்ளே சம்மட்டி அடிப்பதுபோல் தட்டும். பிஸ்டன் உடைவதற்கு அதிக நாள் ஆகாது. டீசல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு இல்லாததால் அதையும் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

இனி பொறி ஏற்பாட்டைக் காண்போம். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டுவோரும் உண்டு. அது பெட்ரோலுக்கென அமைந்தது. அதிலுள்ள எடைகள் வேகம் கூடக்கூடப் பொறியைப் பெட்ரோலுக்கு வேண்டிய அளவில் முன்தள்ளும். கேஸின் தேவை வேறு. மெதுவாக ஓடும்போது பெட்ரோலைவிடச் சற்று முன்னதாகப் பொறி வேண்டும். வேகத்தில் அவ்வளவு கூடுதல் தேவைப்படாது. ஆகவே வேகத்தையும் சுமையையும் பார்த்து நேரத்தைத் தானே கணக்கிடும் தனி மின்னணுப் பெட்டியே சிறந்தது.

இப்பெட்டிக்குக் கிராங்க் எங்கே நிற்கிறது என்பது தெரியவேண்டும். அதற்காகப் புல்லியில் 36 பல் இடத்தில் ஒரு பல்லை நீக்கிய சக்கரம் பொருத்துகிறார்கள். ஒரு பல்லுக்கு 10 டிகிரி. பல் இல்லாத இடைவெளி வரும்போது பெட்டி கணக்கைத் தொடங்குகிறது. எதிரே நிற்கும் சென்ஸாருக்கும் பல்லுக்கும் இடையே சுமார் 1 மி.மீ. இடைவெளி இருக்கலாம். சக்கரம் ஆடாமல் சுற்றவேண்டும். சென்ஸார் பொருத்திய தகடு அதிர்ந்தால் பொறி தடுமாறும். மெல்லிய தகரத்தில் வளைத்த பிடிப்பை ஏற்கக்கூடாது.

1500 சுற்றில் ஓடும் எஞ்சின், ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 9 டிகிரி திரும்பிவிடும். எனவே பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்ணளவில் குறிப்பது பெருந்தவறு. சரியான முறை எளிது. முதல் சிலிண்டரின் பிளக் துளையில் தடுப்பு போல்ட் ஒன்றை இறக்கி, எஞ்சினைக் கையால் மெதுவாகத் திருப்பவேண்டும். பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு போடவேண்டும். பிறகு எதிர்ப்புறம் திருப்பி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளியே உண்மையான உச்சி. போல்ட்டை எடுத்துவிட்டு, பெட்டியில் பொறியை 10 டிகிரி என்று நிலைநிறுத்தி, எஞ்சினை ஓட்டி, டைமிங் லைட் அடித்துப் பார்க்கவேண்டும். புல்லியிலும் அதே 10 காணவேண்டும். காணாவிட்டால் பெட்டி காட்டும் எண் எதையும் நம்புவதற்கில்லை. பொறி முந்தினால் தட்டும். பிந்தினால் தட்டாது, ஓசையும் நன்றாகவே இருக்கும். ஆனால் புகைபோக்கி பழுக்கச் சூடேறி வால்வு கருகும். விவசாயி ஏமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1-4, 2-3 என்று இணைத்து, ஒரு காயிலில் இரண்டு பிளக்குக்குப் பொறி தரும் முறை மலிவானது. இதில் ஒரு பொறி வேலை செய்யும். மற்றது புகை வெளியேறும் சிலிண்டரில் வீணாகும். பெட்ரோலில் இது தொல்லை தருவதில்லை. கேஸிலோ, எஞ்சினைக் கிளப்பும்போது பொறியை மிகப் பின்தள்ளி வைத்திருந்தால், அந்த வீண்பொறி விழும் நேரத்தில் உறிஞ்சு வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். காற்றுக்குழாயில் நிற்கும் கேஸ் கலவை வெடிக்கும். கூடுதல் செலவானாலும் பிளக்குக்கு ஒரு காயில் வைத்து, கேம் சென்ஸாரும் சேர்ப்பதே கேஸுக்கு நல்லது.

கேஸ் கலவையில் பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். பெட்ரோலில் 0.8 முதல் 1 மி.மீ. வரை விடும் பிளக் இடைவெளியை 0.5 முதல் 0.7 மி.மீ. வரை குறைப்பது வழக்கம். எஞ்சின் செய்தவர் அளவு கொடுத்திருந்தால் அதுவே முதன்மை. பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். காயிலோ 12 வோல்ட் ரகம். இரண்டு பாட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்தால் அந்தப் பாட்டரி விரைவில் கெடும். தனி மாற்றி வைப்பதே முறை. சென்ஸார் கம்பியைப் பிளக் கம்பியோடு சேர்த்துக் கட்டக்கூடாது. அதன் உறைக்கம்பியை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்யவேண்டும். எர்த் கம்பியைப் பெயிண்ட் சுரண்டிய எஞ்சின் உடலில் நேராக முடுக்கவேண்டும்.

கடலோர வண்டிகளுக்கு உப்புக்காற்று தனி எதிரி. வைத்திக்குப்பம் போன்ற இடங்களில் மீன் ஏற்ற நிற்கும் வண்டியில் கம்பி முனைகள் பச்சை பூத்துவிடும். இணைப்புகளில் சிலிக்கான் கிரீஸ் தடவி, பிளக் தொப்பிகளில் வெடிப்பு உள்ளதா என்று அடிக்கடி பார்க்கவேண்டும்.

கிணற்றுக் குழியில் இருக்கும் பம்புசெட் டீசல் எஞ்சினுக்கும் இதையே செய்யலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில், கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் குழியின் அடியில் தேங்கி நிற்கும். பொறியும் அங்கேயே விழும். மாடு வைத்திருப்பவர்கள், எஞ்சின் தரைக்கு மேல் காற்றோட்டமான இடத்தில் இருந்தால், சாண எரிவாயுவை டீசலோடு சேர்த்து ஓட்டலாம். அதில் சிறிதளவு டீசலே தீக்குச்சியாக வேலை செய்வதால் பிளக்கும் வேண்டாம், அழுத்த விகிதத்தை மாற்றவும் வேண்டாம். குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ அரைக் கன மீட்டர் வாயு தேவைப்படும் என்பதால், கலனின் அளவைக் கணக்கிட்டு இறங்கவேண்டும்.

வாகனங்களில் எல்.பி.ஜி. பயன்படுத்த நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு முதல் சட்டம் இடம் தருகிறது. அங்கீகாரம் பெற்ற உபகரணம் பொருத்தி, பதிவுச் சான்றில் எரிபொருள் மாற்றத்தைப் பதியவேண்டும். வீட்டு அடுப்பு சிலிண்டரை வண்டியில் மாட்டுவது குற்றம்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கவேண்டும். அடுத்து, எஞ்சினைச் சுற்றவிடாமல் சாவியை மட்டும் திறந்து வைக்கவேண்டும். கேஸ் வால்வு திறந்தாலும் இரண்டு, மூன்று வினாடியில் 'டக்' என்று மூடிக்கொள்ளும் ஓசை கேட்கவேண்டும். சென்ஸாரிலிருந்து துடிப்பு வராதபோது கேஸ் நிற்கும்படி கம்பி இணைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். ஓசை கேட்காவிட்டால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காமல் வண்டியைப் பட்டறையிலேயே விட்டு வரவேண்டும்.