சாரலுக்குச் சரளை

வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு வீட்டின் மேற்குச் சுவரைப் பார்த்தாலே அது எத்தனை சாரல் கண்டது என்று சொல்லிவிடலாம். மேலே வெள்ளை. முழங்கால் உயரம் வரை செம்மண் தெறித்த கறை. அதற்கும் கீழே, தரையை ஒட்டிப் பச்சைப் பாசி. விரலால் சுரண்டினால் பூச்சு பொலபொலவென்று உதிரும். கொத்தனார் வந்து பார்த்து, "ஓதம் ஏறிட்டு" என்று முடித்துவிடுவார். கொத்திப் பூசி வெள்ளையடித்தால் அடுத்த வருடம் அதே கறை, அதே உயரத்தில்.

கறை சுவரில் இருந்தாலும் கோளாறு தரையில்.

சிற்றாறும் அனுமன் நதியும் சேருகிற இந்த வட்டாரத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியே காற்றோடு சாய்ந்து வருவது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது இன்னொன்று. சன்ஷேடு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் இறுகிய மண்ணில் விழுந்து, மண்ணையும் அள்ளிக்கொண்டு சுவர்மேல் தெறிக்கிறது. மிச்சம் அங்கேயே தேங்கி, அஸ்திவாரத்தோரம் ஊறி, செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. கூடவே மண்ணின் உப்பும் ஏறும். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு பூத்து பூச்சைத் தள்ளும். ஈரமான சுவரோரம் கரையானுக்கும் பிடித்தமான இடம்.

அதே சொட்டு சரளைக்கல்லின் மேல் விழுந்தால் சிதறி, கல்லிடுக்கில் இறங்கிவிடும். தெறிக்க மண் கிடையாது. ஜப்பானில் பீலி இல்லாத பழைய கோயில்களில் இறவாணத்துக்கு நேர் கீழே கூழாங்கல் வரிசை ஒன்று ஓடும். அதற்கு 'அமாஓச்சி' என்று பெயர். மழை விழும் இடம் என்று பொருள். செங்கோட்டை ரயில் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியும், தண்ணீரைத் தேங்கவிடாமல் வடியவைக்கும் வேலையைச் செய்வதுதான்.

இங்கே ஒரு சொல் காலை வாரும். நம் ஊரில் 'கிராவல்' என்றால் கல் அல்ல. "ஒரு லோடு கிராவல்" என்று லாரிக்காரரிடம் சொன்னால், பேஸ்மட்டம் நிரப்பவும் ரோடு போடவும் பயன்படும் சிவந்த சரள் மண் வந்து இறங்கும். அதில் களி கலந்திருக்கும். தண்ணீர் பட்டு மிதிபட்டால் தரை போல இறுகிவிடும். அதைச் சுவரோரம் கொட்டுவது, கறைக்குக் காசு கொடுத்துச் சாயம் வாங்குவது போலத்தான். கேட்க வேண்டியது முக்கால் இஞ்ச் ஜல்லி, தூசு இல்லாமல். அல்லது கழுவிய கூழாங்கல்.

கணக்கு பெரிதல்ல. முப்பதுக்கு நாற்பது அடி வீட்டைச் சுற்றி, ஒன்றரை அடி அகலம், நான்கு அங்குலக் கனம் என்றால் சுமார் 73 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி; முக்கால் யூனிட்டில் வேலை முடிந்தது.

ஆனால் பலர் ஜல்லியை மட்டும் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். முதலில் வேண்டியது வாட்டம். கல்லுக்கு அடியில் இருக்கும் மண்ணை நன்றாகத் திமிசு போட்டு, சுவரிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடிக்கு ஒரு அங்குலமாவது சரியவிட வேண்டும். சமதளமாகப் பள்ளம் வெட்டி ஜல்லி நிரப்பினால், தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் தொட்டி கட்டி நிற்கும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் இது விஷப்பரீட்சை. நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற மண் அது. சுவரோரம் மட்டும் ஊறினால் சுவரே விரிசல் விடும். அங்கே ஜல்லியைவிட, தண்ணீர் புகாத கான்கிரீட் பட்டைதான் மேல். அதை அரசுப் பொறியாளர்கள் 'பிளிந்த் புரொடக்‌ஷன்' என்பார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் வழக்கப்படி, 75 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லிப் படுகையின் மேல் 50 மில்லிமீட்டர் கான்கிரீட், வெளிப்பக்கம் வாட்டத்தோடு.

ஜல்லி மிதிபட்டு மிதிபட்டு முற்றம் முழுக்கப் பரவாமலிருக்கக் கரை வேண்டும். ரயில்வே ஸ்டேஷன், போலீஸ் ஸ்டேஷன் தோட்டங்களில் செங்கல்லைச் சாய்த்துப் பல்வரிசை போல நட்டு, காவியும் வெள்ளையும் அடித்திருப்பார்களே, அதுவே போதும். ஒரே நிபந்தனை: செங்கல்லுக்கு நடுவே தண்ணீர் வெளியேற வழி விட வேண்டும். கரையை முழுக்க சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால் வாட்டம் கொடுத்ததெல்லாம் வீண். களை முளைக்காமலிருக்க அடியில் பாலிதீன் விரிப்பவர்களும் உண்டு. அது தண்ணீரைக் கீழே இறங்க விடாது. வடிகட்டும் ஜியோ டெக்ஸ்டைல் துணிதான் சரி.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சுற்றுத் தரையிலிருந்து பேஸ்மட்டம் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கச் சொல்கிறது. ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துபோன பழைய வீடுகளில் அந்த உயரம் எங்கே மிச்சமிருக்கிறது? அங்கே சுவரோரம் மேலும் மேலும் கல் கொட்டாமல், முதலில் சேர்ந்த மண்ணை வெட்டி அள்ளுவதே நல்லது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் கண்டது போன்ற வெள்ளத்துக்கு ஜல்லி எதுவும் செய்யாது.

இன்னொரு சிக்கல் வாசல். சரளையில் சாணம் தெளிக்கவும் முடியாது, கோலம் போடவும் முடியாது. அதனால் மூன்று பக்கம் ஜல்லி, முன்பக்கம் மட்டும் வெளியே சரியும்படி கல் பாவிய தளம் என்று பிரித்துக்கொள்ளலாம். பக்கத்தில் வேம்பு இருந்தால் வைகாசியில் ஒருநாள் ஜல்லியைக் கிளறி, சருகையும் படிந்த மண்ணையும் சலித்து எடுத்துவிட வேண்டும். ஆனி பிறந்தால் சாரல் வந்துவிடும்.