பலகை இல்லாத கதவுகள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணி தொடங்கித் திங்கட்கிழமை காலை 7 மணிவரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு துயரமான இரவு இருக்கிறது. 2013 டிசம்பர் 8 அன்று, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், சக்திவேல் குமாரவேலு என்ற 33 வயதுத் தமிழக ஊழியர் பேருந்தில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. விசாரணைக் குழு, நிலைமை முற்றியதில் மதுவுக்கும் பங்கு உண்டு என்றது. 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கூடுதல் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வட்டாரங்கள் ஆயின.

ஆக, எப்போது குடிக்கக் கூடாது என்பது தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியாவுக்கு வந்து போகிற பெரும்பாலோருக்குத் தெரியும். குடியை விட்டொழிக்க நினைப்பவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கடினம். சூதாட்டத்தில் சம்பளத்தை இழப்பவருக்கும், மனச்சோர்வில் தூக்கம் கெட்டவருக்கும், மறதி நோயாளியான மாமியாரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் இதே நிலைதான். கதவுகள் இருக்கின்றன, பல இடங்களில் இலவசமாகவே. அவற்றுக்குப் பலகைதான் இல்லை.

2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மனநல ஆய்வு, 7 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினைக்கு ஆளாகிறார் என்று கண்டது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் எந்தத் தொழில்முறை உதவியையும் நாடவில்லை. மதுப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டு உதவி தேடியவர்களில் பாதிப் பேருக்கு அந்த முதல் அடியை எடுத்துவைக்கவே 4 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆனது. இது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு. பர்மிட்டில் வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கிறவர்கள் இதில் சேரவில்லை.

இந்தக் கதவுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரு குழு. குழுவாக உட்கார்ந்து பேசுவதால் என்ன ஆகிவிடும் என்ற சந்தேகம் நம்மவர்களுக்கு இயல்பாகவே உண்டு. இந்த முறை பிறந்த கதை அதற்கு ஓரளவு பதில் சொல்லும். 1905இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியம் செலவைத் தாங்க முடியாத ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஓர் அறையில் கூட்டினார். ஓய்வு, உணவு, சுத்தம் பற்றிப் பாடம் நடத்துவதே அவர் நோக்கம். நாள் போகப் போக, நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்தே தேறுவதை அவர் கவனித்தார். பிற்காலத்தில் மனநல மருத்துவர் இர்வின் யாலோம் குழுச் சிகிச்சையில் வேலை செய்யும் காரணிகளை வரிசைப்படுத்தியபோது, 'எனக்கு மட்டுமல்ல' என்று உணர்வதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார்.

ஆதாரமும் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., மருத்துவர்களின் ஏளனத்தையும் பார்த்த இயக்கம். 2020இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வு 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தது. குடியை முழுமையாக நிறுத்துவதில், ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சை, மற்றச் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ அவற்றைவிட மேலாகவோ பலன் தந்திருக்கிறது என்பது அதன் முடிவு.

குழுக்களில் இரண்டு வகை உண்டு. இது தெரியாமல் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குழுச் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற உளவியலாளரோ ஆலோசகரோ நடத்துவார். சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பார்கள், இத்தனை வாரம் என்று கணக்கு இருக்கும், பெரும்பாலும் கட்டணமும் இருக்கும். ஆதரவுக் குழு அப்படியல்ல. அதே கஷ்டத்தைக் கடந்தவர்களே நடத்துவார்கள். ஏ.ஏ.வில் பதிவேடும் இல்லை, சந்தாவும் இல்லை. பெயரில் முதல் பாதி போதும். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேரும் தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். எதற்கெடுத்தாலும் 'நான் சொல்றதைக் கேளு' என்று தொடங்கும் நம் ஊர்ப் பேச்சுக்குப் பழகியவர்களுக்கு இதுவே முதலில் விநோதமாக இருக்கும். முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் அளவுக்கு மீறிக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு முதல் இரண்டு நாளிலேயே வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். சபரிமலைக்கு மாலை போட்டதும் ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள், ஊர்க் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு சத்தியம் செய்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த வைராக்கியம் பெரிய பலம்தான். ஆனால் கடுமையாகக் குடித்தவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், குழு அதற்கு அடுத்தது. காதில் குரல் கேட்கும் நிலையில் இருப்பவருக்கும் உயிரை விடும் எண்ணத்தில் இருப்பவருக்கும் இதுவே பொருந்தும்.

சரி, எங்கே போவது? மனநலக் கழகத்தில் இயங்கும் தேசியப் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவின் உதவி எண் 6732 6837. மது, போதைப்பொருள், சூதாட்டம் எல்லாவற்றுக்கும் இந்த எண்தான். கெம்பாங்கானில் உள்ள 'வீ கேர்' சமூகச் சேவை அமைப்பு, பழக்கத்தில் சிக்கியவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் குழுக்களை நடத்துகிறது. போதைப்பொருளிலிருந்து மீள்கிறவர்களுக்கென இந்து அறக்கட்டளை வாரியம் 'ஆஷ்ரம்' என்ற இடைநிலை இல்லத்தை நடத்திவருகிறது. மனநோயாளிகளின் குடும்பத்தாருக்கு 2011இல் தொடங்கிய கேர்கிவர்ஸ் அலையன்ஸ் இலவசப் பயிற்சி தருகிறது, பராமரிப்பாளர்களே பராமரிப்பாளர்களுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு அது. மறதி நோய்க்கு டிமென்ஷியா சிங்கப்பூர். குடும்பச் சிக்கல் எதுவானாலும் தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், பியட்டி சாலையில், 1991இல் தொடங்கப்பட்ட இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது. அதன் எண் 1800 295 4554.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு வழி வேறு. 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பு, 3129 5000 என்ற எண்ணில் 24 மணி நேரமும் மனநல உதவி தருகிறது. ஊழியர்களில் சிலருக்கே பயிற்சி கொடுத்துச் சக ஊழியருக்குத் துணையாக நிற்க வைக்கிறது. 2020இல் கொரோனா விடுதிகளைப் பூட்டியபோதுதான் இந்தத் தேவை எல்லாருக்கும் உறைத்தது. மனிதவள அமைச்சு அந்த ஆண்டு நவம்பரில் 'டான்' என்ற பணிக்குழுவை அமைத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டி.டபிள்யூ.சி.2 அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில், அடிபட்டும் வேலையிழந்தும் நிற்கும் ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. அதற்குச் சிகிச்சை என்று பெயரில்லை. ஆனால் கையில் கட்டுடன் இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் ஒருவர், அதே கட்டுடன் மூன்று மாதம் முன்னால் வந்து சேர்ந்தவரிடம் 'அண்ணே, உங்க கேஸ் என்னாச்சு?' என்று கேட்கும் இடம் அது. ஆதரவுக் குழுவின் வேலையில் பாதி அங்கேயே நடந்துவிடுகிறது.

போகத் தடுப்பவை பெரும்பாலும் மூன்று பயங்கள்: வேலை போய்விடும், வெளியே தெரிந்துவிடும், போலீஸ் வரும்.

வேலையைப் பற்றி முதலில். வேலை விண்ணப்பத்தில் மனநலப் பிரச்சினை உண்டா என்று கேட்பது 2020 முதல் முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளுக்கு முரணானது. கேட்டால், நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியான டஃபெப்பில் புகார் செய்யலாம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநலத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடை செய்ய வகைசெய்கிறது. ஆனால் 25 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் முதலில் விலக்கு அளிக்கிறது. சிராங்கூன் சாலையின் மளிகைக் கடைகளையும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளையும் நினைத்தால் இந்த விலக்கு சின்ன விஷயமில்லை. பர்மிட் ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி இருக்க வேண்டும். அதேநேரம் பர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரமும் அதே முதலாளியிடம் இருப்பதால், இந்தப் பயத்தை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. எனவே பேசத் தொடங்கும் முன்பே, 'நான் சொல்வது கம்பெனிக்குப் போகுமா?' என்று நேராகக் கேட்டுவிடுவதே நல்லது. பணிப்பெண்களுக்கும் ஓர் உரிமை உண்டு: 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாள் ஓய்வையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. அந்த நாளில் எங்கே போவது என்பது அவர் விருப்பம்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு. குழுவில் இருக்கும் அனைவரும் வாய்மொழியாக வாக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். வழக்கறிஞரிடம் பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அங்கே கிடையாது. குழு நடத்துபவர் வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொன்னால், உங்கள் எண்ணை யார் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். போதைப்பொருள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஒருவர் போதைப்பொருளுக்கு அடிமை என்று சந்தேகிக்கும் மருத்துவர், 7 நாளுக்குள் அதிகாரிகளுக்கும் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இதைச் சொல்லிப் பயமுறுத்துவது நோக்கமல்ல. யாரிடம் எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போவது அவரவர் உரிமை.

போலீஸ் பயத்தில் ஒரு பகுதி பழங்கதை. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் ஒரு காலத்தில் ஓராண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் அது குற்றமே இல்லை. ஊரில் கேட்ட பழைய சட்டத்தை நினைத்து இன்னும் வாயை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

போலிகளும் உண்டு. சிங்கப்பூரில் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்ட, மருத்துவருக்கு இருப்பதுபோல் சட்டப்படிப் பதிவு கட்டாயம் இல்லை. சிங்கப்பூர் ஆலோசகர் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பார்க்கலாம். முன்பணம் கேட்கும் குழு, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குழு, முதல் நாளே 'நிச்சயம் குணமாகும்' என்று வாக்குக் கொடுக்கும் குழு, எண்ணெயோ தாயத்தோ காப்புறுதியோ விற்கும் குழு ஆகியவற்றிலிருந்து எழுந்து வந்துவிடலாம். ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்றைப் பார்க்கலாம். மூன்று, நான்கு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நியாயம்.

மிச்சமிருப்பது மொழி. இதில்தான் சிங்கப்பூர் இன்னும் போதாது. தமிழ் ஆட்சிமொழி. ஆனால் கிடைக்கும் குழுக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடக்கின்றன. 'மனசு பாரமா இருக்கு', 'நெஞ்சு படபடன்னு அடிக்குது' என்று சொல்லத் தெரிந்தவருக்கு அதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதி விஷயம் விட்டுப்போகும். தமிழ்நாட்டு ஏ.ஏ. குழுக்களில் சில தமிழிலேயே இணையவழிக் கூட்டம் நடத்துகின்றன, போனிலேயே சேரலாம். ஆனால் சென்னையில் இரவு 7.30 என்றால் சிங்கப்பூரில் 10 மணி. விடியுமுன் லாரி ஏறவேண்டியவருக்கு அது தூங்கும் நேரம். நிரந்தரத் தீர்வு இங்கேயே தமிழில் குழுக்கள் நடப்பதுதான். கேட்பவர் இல்லாததால் நடத்தவில்லை என்று எந்த அமைப்பும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. சிண்டாவிலோ வீட்டருகே உள்ள குடும்பச் சேவை நிலையத்திலோ 'தமிழில் குழு வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள்.

அதுவரை கையில் இருக்கும் எண்கள்: மனநலத்தைப் பற்றிப் பேச 1771. உயிரை விடும் எண்ணம் வந்தால், 1969 முதல் இயங்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767. குடும்ப வன்முறை என்றால் 1800 777 0000. மூன்றும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. எடுப்பவர் ஆங்கிலத்தில் பேசினால், தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.